துடைத்தலும் அழித்தலும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுந்தால், "இவருக்கு என்ன நேர்ந்தது?" என்று அன்பர்கள் ஐயுறுவது இயல்பே. நன்னூலும் நிகண்டும் கிடக்கும் மேசைக்கு எண்ணெய்க் கறை எப்படி வந்தது என்றும் வினவுவர். அந்தக் கறையின் வரலாற்றையே இங்கே எழுதுகின்றேன்.

சென்ற ஆண்டு ஆவணி தொடக்கம் ஐப்பசி வரை அமெரிக்காவில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் தங்கையின் மகன் மிச்சிகன் மாநிலத்தில், டெற்றோயிற் நகரின் அயலில் வாழ்கின்றான். அவனுடைய வீட்டோடு ஒட்டிய கராஜில் அவனது புதிய வண்டிக்கு இடமில்லை. அது மழையிலும் வெயிலிலும் வாசலில் நிற்கின்றது. உள்ளே, கூரையின் கீழ் வீற்றிருப்பது 1930ஆம் ஆண்டில் செய்த போர்ட் வண்டி. வீற்றிருப்பது என்று சொல்வதும் மிகையே. நான் சென்ற நாளில் அதன் கதவுகள் ஒரு சுவரிலும், ஆசனங்கள் மறு சுவரிலும் சாய்ந்திருந்தன. இயந்திரம் ஒரு மரக்கட்டிலில் படுத்திருந்தது. எஞ்சியவை நூற்றுக்கு மேற்பட்ட சிறு பைகளில் அடங்கிக் கிடந்தன.

"மாமா, ரெண்டு வருசத்திலை இது ரோட்டிலை ஓடும்" என்றான் மருமகன். அவன் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் அவன் அப்படியே சொன்னானாம்.

வண்டியின் குலமுறையைச் சிறிது கிளத்துதல் வேண்டும். ஹென்றி போர்ட் 1908இல் 'மொடல் ரி' என்னும் வண்டியை வெளியிட்டார். 1927 வரை அது ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. பிறர் புதுமைகளைக் கொணர்ந்த காலத்தும் அவர் பழையதையே பற்றி நின்றார். வாங்குவோர் வேறிடம் நாடினர். 1927இல் அதன் உற்பத்தியை நிறுத்தி, ஏறத்தாழ ஆறு மாதம் தொழிற்சாலைகளை மாற்றியமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 2ஆந் திகதி 'மொடல் ஏ' என்னும் புது வண்டியை அவர் உலகுக்குக் காட்டினார். நான்கு உருளை கொண்ட இயந்திரம். நாற்பது குதிரை வலு. நான்கு சில்லுகளுக்கும் தடுப்பு. முன் கண்ணாடி உடைந்தாலும் சிதறாத வகை. பெற்றோல் தாங்கியோ சாரதியின் முழங்காலுக்கு எதிரே உயரத்தில் இருக்கின்றது. பம்பி கிடையாது. மேட்டுநிலத் தண்ணீர் பள்ளத்துக்கு வருவதுபோலப் பெற்றோல் தானாக இறங்கி வரும். 1932இன் தொடக்கத்தில் உற்பத்தி முற்றாக நின்றபோது, இவ்வகை வண்டிகள் ஏறத்தாழ 48 இலட்சம் செய்யப்பட்டிருந்தன.

இவற்றுள் இரு கதவுடைய வண்டிக்கு அந்நிறுவனம் இட்ட பெயர் 'ரியூடர்'. அது இங்கிலாந்தை ஆண்ட ஓர் அரச குலத்தின் பெயர். ஆங்கிலத்தில் இரண்டு கதவு என்று சொல்லும்போது எழும் ஒலியும் ஏறக்குறைய அதுவே. நான்கு கதவுடையதற்குப் பெயர் 'போர்டோர்'. நான்கு கதவு என்ற ஒலியும் உண்டு, செய்தவர் பெயரும் உண்டு. சிலேடையில் நம்மை வெல்ல ஆளில்லை என்று வகுப்பறையில் முழங்கிய நான் சற்றே நாணினேன்.

மருமகனின் வண்டி ரியூடர். புதிதாக விற்ற காலத்தில் அதன் விலை சுமார் 500 டொலர்.

இனி, வேலை நடக்கும் முறையைச் சொல்கின்றேன். கழற்றுவது எளிது. கழற்றியதன் ஒழுங்கை நினைவில் வைப்பதே அரிது. ஆகையால் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படம் எடுக்கின்றான். கழற்றிய திருகாணிகளை ஒரு பையில் இட்டு, எவ்விடத்து ஆணி, எத்தனை, எந்த முறையில் நின்றன என்று சீட்டு எழுதிக் கட்டுகின்றான். இதைச் செய்யாதவர்கள் படும் பாட்டையும் சொன்னான். ஆர்வத்தோடு ஒரே வாரத்தில் வண்டியைப் பிரித்துப்போட்டு, பின்பு எது எங்கே பொருந்தும் என்று அறியாமல் மலைத்து, பெட்டி பெட்டியாக விற்றுவிடுவோர் அந்நாட்டில் பலராம். கயிறு அறுந்து, எண்ணிடாத ஓலைகள் கலைந்துபோன ஏட்டுச் சுவடியை ஒருமுறையேனும் கையில் எடுத்தவர்களுக்கு அந்தத் துன்பம் விளங்கும்.

துருவை நீக்கும் முறையும் கற்றுக்கொண்டேன். பிளாஸ்ரிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சலவைச் சோடாவைக் கரைக்கின்றான். மின்கலத்துக்கு மின்னேற்றும் கருவியின் எதிர்முனையைத் துருப்பிடித்த உறுப்போடும், நேர்முனையை வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றோடும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நீரில் அமிழ்த்துகின்றான். ஐதரசன் வாயு குமிழியிட்டு எழும். அது தீப்பற்றக்கூடியது. ஆகையால் தொட்டி கராஜுக்கு வெளியே திறந்த வெளியில் இருக்கின்றது. மறுநாள் எடுத்துத் தேய்த்தால் துரு கரும்பொடியாக உதிர்கின்றது. உள்ளே இருந்த நல்லிரும்பு குறைவதில்லை. மணற்காகிதமும் அரைக்கும் சக்கரமும் கொண்டு தேய்த்தாலோ துருவோடு இரும்பும் போய்விடும். இரும்பின் மேல் பொறித்த எண்களும் எழுத்துகளும் போய்விடும்.

"துடைக்கிறது வேறை, அழிக்கிறது வேறை, மாமா" என்றான்.

அவன் வண்டியைப் பற்றித்தான் சொன்னான். ஆயினும் அந்தச் சொல் எனக்குள் எங்கோ போய்த் தைத்தது.

டியர்போர்ண் நகரில் ஹென்றி போர்ட் நிறுவிய கிரீன்பீல்ட் கிராமம் என்னும் காட்சிச்சாலை இருக்கின்றது. அங்கே ஆண்டுதோறும் செப்ரெம்பரில் பழைய வண்டி விழா நடைபெறும். 1932க்குப் பிற்பட்ட வண்டிகளுக்கு அதில் இடமில்லை. மருமகன் என்னை அழைத்துச் சென்றான். ஓரிடத்தில் இரண்டு 'மொடல் ஏ' வண்டிகள் அருகருகே நின்றன. ஒன்று, முழுவதும் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் புதுப்பித்தோ மாற்றியோ பூட்டிய வண்டி. மற்றது, நிறம் மங்கி, ஆசனத் துணி நைந்து, தொண்ணூறு ஆண்டு வெயிலையும் மேலே தாங்கி நின்ற வண்டி. முதல் வண்டியில் என் முகம் தெரிந்தது. இரண்டாவதில் வண்டியின் முகம் தெரிந்தது.

இவ்விரண்டு வகையாருக்கும் இடையே அந்நாட்டில் நீண்ட நாளாக வழக்கு நடக்கின்றது. முதல் வகையாரை அறியாதவர்கள் என்று தள்ளிவிட இயலாது. 'மொடல் ஏ' சங்கங்கள் வெளியிட்ட விதிநூல் ஒன்றை மருமகன் வைத்திருக்கின்றான். எந்த ஆண்டு வண்டியில் எந்த ஆணிக்கு எத்தகைய தலை, எந்த உறுப்புக்கு எத்தகைய பூச்சு என்பதெல்லாம் அதில் உண்டு. உடலுக்கு ஒரு வகைச் சாயம், சில்லு மூடிகளுக்குக் கறுப்பு எனாமல் என்று பிரித்துக் கூறுகின்றது. 1929இல் நிக்கல் முலாம் பூசிய முன்முக வளையம் 1930இல் துருவாத உருக்கானதையும் சொல்கின்றது. தொல்காப்பியத்துக்கு உரையெழுதியவர்கள் கண்டால் மகிழ்ந்திருப்பர்.

ஆனால் மற்றக் கட்சியார் கேட்கும் கேள்வி எளியது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததுபோல் ஆக்குகின்றீர்கள், சரி. அதன் பின்பு அந்த வண்டி வாழ்ந்த வாழ்வு எங்கே போயிற்று? இக்கேள்வி இன்று பலர் செவியிலும் ஏறியிருக்கின்றது. 1935இல் தோன்றிய அமெரிக்கப் பழைய வாகனச் சங்கம், தன் முதலுறுப்புகளைக் காத்து நிற்கும் வண்டிகளைத் தனி வகுப்பாகவே பாராட்டுகின்றது. பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2013இல் வெளியிட்ட தூரின் சாசனம், புதுப்பித்தலினும் பேணுதலுக்கே முதன்மை தருகின்றது. அச்சாசனத்துக்கு மூலமாய் அமைந்தது பழங் கட்டடங்கள் பற்றி 1964இல் எழுந்த வெனிஸ் சாசனம். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பவன் கை நின்றுவிட வேண்டும் என்பது அதன் உயிர்க்கொள்கை.

ஊகம் தொடங்கும் இடத்தில் கை நிற்க வேண்டும்! இதை இருபது வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

என் தாய்வழிப் பேரனார் நாட்டு வைத்தியர். அவர் கையால் எழுதிய வைத்திய ஏடு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பண்டித வகுப்பிற் சேர்ந்திருந்த காலம். இலக்கணம் கற்ற செருக்கு தலைக்கேறியிருந்தது. ஏட்டைப் பார்த்து ஒரு கொப்பியிற் பிரதி செய்தேன். பேச்சு வழக்குகளையெல்லாம் செந்தமிழாக்கினேன். ஓரிடத்தில் ஒரு மூலிகையின் பெயர் விளங்கவில்லை. எழுத்துப் பிழை என்று துணிந்து, அதற்கு ஒத்ததாகத் தோன்றிய நிகண்டுப் பெயரை இட்டேன். பிரதி முடிந்தது. செல்லரித்த ஓலைகள் இனி எதற்கு என்று வளவுக் குப்பையோடு எரித்துவிட்டேன்.

பல ஆண்டுகள் சென்றபின் அயலூர்ப் பரியாரியார் ஒருவர் அந்தக் கொப்பியை இரவல் வாங்கினார். நான்கு நாளில் திரும்பி வந்தார். குறித்த பக்கத்தை விரித்து, "உன்ரை பேரனார் இப்பிடி எழுதியிருக்க மாட்டார், தம்பி. இந்த மூலிகை இந்த வருத்தத்துக்குக் குடுக்கிறதில்லை. ஏட்டிலை என்ன இருந்தது?" என்று கேட்டார்.

ஏட்டில் என்ன இருந்தது? எனக்கு நினைவில்லை. இன்றும் நினைவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நான் சிறுவன். பெரியவர்கள் அழுததைக் கண்டு அழுதேன். பின்பு எத்தனையோ மேடைகளில் அந்த நெருப்பைப் பற்றிப் பேசியிருக்கின்றேன். அங்கே ஏடுகளை எரித்தவர்கள் பிறர். எங்கள் வீட்டு ஏட்டை எரித்தவன் நான். பகையினால் அன்று, திருத்துகின்றேன் என்ற நல்லெண்ணத்தினால்.

மீண்டும் கராஜுக்கு வருவோம். அந்த வண்டியின் அடித்தளம் மரப்பலகை. முன் ஆசனத்தை எடுத்துப் பலகைகளைப் பெயர்த்தபோது ஒன்றின் ஓரம் நனைந்து உக்கியிருந்தது. புதுப் பலகைத் தொகுதியைக் கடையிலிருந்து முன்னரே வருவித்துவிட்டான். அவ்வகை வண்டிக்கு இன்றும் ஏறத்தாழ எல்லா உறுப்புகளையும் புதிதாகச் செய்து விற்கின்றார்கள். "இதை எறியத்தான் வேணும்" என்று பழைய பலகையைத் திருப்பினான். அடிப்புறத்தில் பென்சில் எழுத்துகள் இருந்தன.

யாரோ ஒரு பழைய உரிமையாளர், ஆண்டு முடிவுதோறும் வண்டி ஓடிய மொத்த மைல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். வேறொன்றும் இல்லை. கழித்துப் பார்த்தோம். 1941இல் வண்டி ஓடியது 6,312 மைல். 1942இல் 3,175. 1943இல் 1,685 மட்டுமே.

மருமகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "யுத்தம்" என்றான்.

ஆம், யுத்தம். 1942 பெப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு மோட்டார் வண்டி செய்வது நிறுத்தப்பட்டது. ரயர்களுக்குப் பங்கீடு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நாடு முழுவதும் பெற்றோலுக்கும் பங்கீடு வந்தது. சாதாரண குடிமகனுக்கு வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு கலன். வேகமும் மணிக்கு 35 மைல் என்று மட்டுப்படுத்தப்பட்டது. இவற்றுக்கு முதற் காரணம் பெற்றோற் பஞ்சமன்று, இறப்பர்ப் பஞ்சமே. மலாயா முதலிய நாடுகளை யப்பான் கைப்பற்றியபின், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பருக்கு இலங்கைத் தோட்டங்களையே அவர்கள் பெரிதும் நம்பியிருந்தனர். வண்டி ஓடாவிட்டால் ரயர் தேயாது என்பதே பங்கீட்டின் நோக்கம். மிச்சிகனில் முகமறியாத ஒருவர் தம் வண்டியை ஓட்டாமல் நிறுத்திய கணக்கு, அந்தப் பலகையின் அடியில் எண்பது ஆண்டுக்கு மேலாக இருந்திருக்கின்றது.

பெற்றோல் இல்லாத காலத்தை நாமும் அறிவோம். 1990களில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வரத் தடையிருந்தபோது, மண்ணெண்ணெயில் ஓடிய ஓஸ்ரின் வண்டிகளின் புகை என் மூக்கில் இன்னும் நிற்கின்றது. அவற்றை ஓட வைத்த மெக்கானிக்மார் செய்த சிறு சிறு மாற்றங்களும் அவ்வண்டிகளின் சரித்திரமே. எவரேனும் நாளை அவற்றைப் புதுப்பிக்கப் புகுந்தால், அந்த அடையாளங்களைப் பழுது என்று நீக்குவாரா, வரலாறு என்று பேணுவாரா?

அன்றிரவு என் ஏட்டுக் கதையை மருமகனுக்குச் சொன்னேன். முன்பு வீட்டில் எவருக்கும் சொன்னதில்லை.

அவன் உடனே உடன்பட்டுவிடவில்லை. அவன் சொன்ன மறுப்பில் நியாயமும் இருந்தது. ஏட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வாசிக்கலாம். வண்டியோ ஓடுவதற்கென்று பிறந்தது. உக்கிய பலகையில் கால் வைத்துத் தடுப்பை மிதிக்க முடியுமா? தேய்ந்த தடுப்புப் பட்டையைச் சரித்திரம் என்று விட்டுவைத்தால், தெருவில் வரும் குழந்தைக்கு யார் பொறுப்பு? அப்பட்டைகளிற் பழையவை கல்நார் கலந்தவை. அவற்றின் தூள் நெஞ்சுக்குக் கேடு. துருவைப் பேணுகின்றேன் என்று விட்டால் துரு இரும்பைத் தின்றுவிடும். பின்பு பேண என்ன இருக்கும்? தவிரவும், தன் பணத்தில் வாங்கிய வண்டியைத் தான் விரும்பியபடி மினுக்கிக்கொள்ள ஒருவனுக்கு உரிமை இல்லையா?

உரிமை உண்டு. உயிருக்குக் காவலான உறுப்புகளில் விட்டுக்கொடுப்பும் கூடாது. தடுப்பு, திசைமாற்றி, சில்லு, பெற்றோற் குழாய் ஆகியவற்றை ஐயமற மாற்றுக. செல்லரித்த ஏட்டைப் பிரதி செய்யாமல் விடுவதும் குற்றமே. நான் பிரதி செய்தது பிழையன்று. பிரதியிற் பிழை விட்டதுகூடப் பெரும் பிழையன்று, மனிதர் பிழை விடுவர். மூலத்தை எரித்ததே பிழை. எனக்குப் பின் வருபவன் என் பிழையைக் கண்டு திருத்துவதற்கு ஒரு வழியையும் நான் விட்டுவைக்கவில்லை. என்னோடு அறிவு முடிந்துவிடும் என்று எண்ணிவிட்டேன்.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர்கள் கைக்கு வந்த சுவடிகளும் சிதைந்தவையே. நல்ல பதிப்பாசிரியன் தான் கொண்ட பாடத்தை மேலே இட்டு, தள்ளிய பாடத்தைக் கீழே குறிக்கின்றான். மேலே உள்ளது அவன் முடிவு. கீழே உள்ளது நமக்கு அவன் விட்ட உரிமை.

பழைய வண்டியை வீட்டில் வைத்துப் புதுக்குவோர்க்கு நான் சொல்லத் துணிவதும் இதுவே. மாற்ற வேண்டியதை மாற்றுக. மாற்றியதை எழுதி வைக்க. கழற்றிய மூல உறுப்பை எறியாது, சீட்டுக் கட்டி வைக்க. திரும்பவும் பழையபடி ஆக்கக்கூடிய வேலையையே இயன்றவரை செய்க. அறியாத இடத்தில் அழகுக்காக எதையும் புனையாது விடுக. முன்னிருந்தவன் கையெழுத்தைக் கண்டால், அது பென்சிற் கோடாயினும், கை கூசி நிற்க. வண்டி நமக்குச் சொந்தமாயிருப்பது சில காலம். நமக்கு முன்னும் அதற்கு உடையவர் இருந்தனர், பின்னும் இருப்பர்.

இவை எந்த விதிநூலுக்கும் மாறானவை அல்ல. பளபளக்கும் வண்டிக்குப் பரிசு குறைந்துவிடும் என்ற அச்சம் மட்டுமே தடை. பரிசு ஒரு நாட்கூத்து. மாடத்திற் கிடக்கும் வெள்ளிக் கிண்ணத்தை ஆறு மாதத்தின் பின் துடைப்பாரும் இல்லை.

நான் புறப்படுவதற்கு முந்திய வாரம் மருமகன் அந்தப் பலகையை மீண்டும் எடுத்தான். உக்கிய ஓரத்தை மட்டும் நான்கு அங்குல அகலத்துக்கு அறுத்து நீக்கினான். கடையில் வந்த புதுப் பலகையிலிருந்து அதே அளவு துண்டை வெட்டி இழைத்துப் பசையிட்டு இணைத்தான். எழுத்திருந்த பகுதியைத் தூரிகையால் தூசி தட்டியதோடு விட்டான். பழைய மரம் கறுத்திருந்தது. புதிய துண்டு வெளிறித் தெரிந்தது. சிறிது சாயம் பூசினால் இரண்டும் ஒரு நிறமாகிவிடும் என்று அவன் மனைவி சொன்னாள்.

"வேண்டாம். எது எப்ப போட்டதெண்டு பின்னாலை வாறவனுக்குத் தெரியட்டும்" என்றான் அவன்.

பிறகு என் கையில் ஒரு பென்சிலைத் தந்தான். புதுத் துண்டின் அடிப்புறத்தில் ஆண்டையும் மாதத்தையும் தமிழில் எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.